அரிய விலங்கைப் பற்றி ஒரு படப்புத்தகம் எழுதுவது எப்படி

சிறுவர் நூல்களுக்குப் பதிப்பாசிரியராக இருக்கிறேன். அரிய விலங்குகளைப் பற்றி என்னிடம் வரும் பிரதிகளில் பெரும்பாலானவை, "இந்த விலங்கு அழிந்துகொண்டிருக்கிறது" என்றே தொடங்குகின்றன. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த விலங்கு இன்னும் அறிமுகமே ஆகவில்லை. அதற்குள் துக்கம் விசாரிக்கக் கூட்டிப்போனால் எப்படி?

முதலில் அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்று தேடுங்கள். எதைத் தின்கிறது, குட்டியை எப்படித் தூக்கிப்போகிறது, பயந்தால் என்ன செய்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே விடாதீர்கள். பல விலங்குகள் ஏன் அரிதாயின என்பதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நியூசிலாந்தின் காகப்போவைப் பாருங்கள். பறக்க முடியாத, இரவில் நடமாடும் பெரிய பச்சைக் கிளி. ஆபத்து என்றால் அப்படியே அசையாமல் நின்றுவிடும். கண்ணால் தேடி வேட்டையாடும் பறவைகளிடமிருந்து அந்தப் பழக்கமும் பாசி நிற இறகும் அதைக் காப்பாற்றின. அப்புறம் மனிதர்களோடு பூனையும் எலியும் வந்து சேர்ந்தன. அவை மோப்பம் பிடித்து வருபவை. அவற்றின் முன்னால் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? இங்கே எழுத்தை நிறுத்திவிடுங்கள். பக்கத்தைப் புரட்டுவதற்குள் குழந்தையே பதிலைச் சொல்லிவிடும்.

எறும்புதின்னி என்றும் சொல்லப்படும் அழுங்கும் இப்படித்தான். தொட்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன செதில்கள் சிங்கத்தின் பல்லையே தடுத்துவிடும். ஆனால் சுருண்டு கிடப்பதை ஒரு மனிதர் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு முரண் கிடைத்துவிட்டால் பாதிப் புத்தகம் முடிந்த மாதிரி.

வழக்கமான அளவு 32 பக்கம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்க ஃபாரம் இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதை சொல்லப் பதின்மூன்று பதினான்கு இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். தாளை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்து, எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று பென்சிலால் குறியுங்கள். ஓர் இரட்டைப் பக்கத்துக்கு ஒரே செய்தி, இரண்டு மூன்று வாக்கியம். கேள்வி வலப்பக்கத்தில் முடியட்டும், பதில் புரட்டிய பிறகு வரட்டும்.

விலங்கின் மனதுக்குள் புகாதீர்கள். "தாய் அழுங்கு கவலைப்பட்டது" என்று எழுதினால் அது கற்பனைக் கதை ஆகிவிடும். "தாய் குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொண்டது" என்று எழுதுங்கள். பார்த்ததைச் சொன்னாலே குழந்தைக்குப் புரியும்.

ஓவியரிடம் வெறும் எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். அழுங்குக்குப் பல் கிடையாது, ஆனால் சிரிக்கும் அழுங்கின் வாயில் வரிசையாகப் பற்களை வரைந்துவிடுவார்கள். பனிச்சிறுத்தையின் வால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். படுக்கும்போது குளிருக்கு அதையே மேலே சுற்றிக்கொள்ளும். அந்த வாலைக் குட்டையாக வரைந்துவிட்டால் எழுதியதே பொய்யாகிவிடும். பல கோணங்களில் எடுத்த புகைப்படங்கள், உடல் அளவுகள், அது வாழும் இடத்தின் மரஞ்செடிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். முடிந்தால் அந்த விலங்கை ஆராய்பவர் ஒருவரிடம் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே கோட்டோவியங்களைக் காட்டிவிடுங்கள்.

யாரும் சரியாகப் பார்த்தே இராத விலங்கு என்றால்? மான் போலத் தோன்றும் சாவோலா என்ற காட்டு விலங்கை 1992-இல் வியட்நாமின் வூ குவாங் பகுதியில், வேட்டைக்காரர் வீடுகளில் இருந்த கொம்புகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2013-இல் தானியங்கிக் கேமராவில் ஒருமுறை பதிவானது. இதற்கு ஒரு குடும்பக் காட்சியைக் கற்பித்து வரைய வேண்டாம். சுவரில் தொங்கும் கொம்பு, மரத்தில் கட்டிய கேமரா, ஈரமான காடு என்று தேடலையே வரையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வகைப் புத்தகம் இதுதான்.

எண்களைச் சொன்னால் மட்டும் போதாது. 1995-இல் காகப்போ 51 மட்டுமே இருந்தன. அந்த 51 பறவைகளையும் ஒரே இரட்டைப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். குழந்தைகள் விரல் வைத்து எண்ணுவார்கள். 2022-இல் 252 ஆனதை அடுத்த பக்கத்தில் நெருக்கமாக நிரப்பிக் காட்டலாம். எண்ணோடு ஆண்டையும் கட்டாயம் அச்சிடுங்கள், அடுத்த பதிப்புக்குள் அது மாறியிருக்கும்.

நம்பிக்கையோடு முடிப்பது சரிதான், அது உண்மையான நம்பிக்கையாக இருக்க வேண்டும். அரேபிய ஓரிக்ஸ் என்ற பாலைவன மான் வகை 1972-இல் இயற்கை வாழிடங்களில் முற்றிலும் இல்லாமல் போனது. பூங்காக்களில் பெருக்கப்பட்டவை 1982-இல் ஓமான் பாலைவனத்தில் விடப்பட்டன. பிறகு அங்கே கள்ள வேட்டையால் மறுபடி குறைந்தன. இருந்தாலும் மற்ற இடங்களிலும் நடந்த முயற்சிகளால் 2011-இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைத் தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலில் அதன் நிலை ஒரு படி முன்னேறியது. அந்தச் சறுக்கலையும் எழுதுங்கள். குழந்தைகள் அதைத் தாங்குவார்கள்.

அச்சுக்குப் போகும் முன் நான்கைந்து குழந்தைகளுக்கு டம்மியை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், அதற்கான பதில் உள்ளே ஒரு பக்கத்திலோ பின்பக்கக் குறிப்பிலோ கண்டிப்பாக இருக்க வேண்டும்.