ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்களா, முதல்ல இதைப் பாருங்க

25,000 ரூபாய்க்குள்ள பாக்குறவங்க பெட்டி மேல பெருசா போட்டிருக்க பிஎம்பிஓ வாட்ஸை (ஒரு கணம் மட்டும் எட்டுற உச்ச பவர்னு போடுற கணக்கு) கண்டுக்கவே கண்டுக்காதீங்க, ஆர்எம்எஸ் எவ்ளோன்னு கேளுங்க, அதுதான் தொடர்ந்து குடுக்குற நிஜ பவர்.

அடுத்து டிவி பின்னாடியும் வாங்குற செட்லயும் எச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட் (டிவி சவுண்டை ஸ்பீக்கர் செட்டுக்கு அனுப்புற எச்டிஎம்ஐ போர்ட்) இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒரே கேபிள்ல டால்பி டிஜிட்டல் 5.1, அதாவது அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (பேஸ் குடுக்குற பெட்டி) தனித்தனியா பிரிச்ச சவுண்டு வந்துடும், டிவி ரிமோட்லயே சவுண்டையும் கூட்டிக் குறைச்சுக்கலாம். ப்ளூடூத்ல போட்டா பெரும்பாலும் வெறும் ஸ்டீரியோதான், அதாவது இடது வலதுன்னு ரெண்டு பக்க சவுண்டுதான்.

ரொம்ப முக்கியம் சென்டர் ஸ்பீக்கர், ஏன்னா 5.1 படத்துல வசனம் பெரும்பாலும் அதுலதான் வருது, சென்டர் இல்லாம ரெண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் மட்டும் இருக்க 2.1 செட்ல பாட்டு அருமையா இருக்கும் ஆனா சண்டை சீன்ல பேசுறது அமுங்கிடும். சப்வூஃபரை மூலைல ஒட்டி வச்சா பேஸ் ரொம்ப ஏறிடும், கொஞ்சம் நகத்தி நகத்தி வச்சுக் கேளுங்க.

கடைல டெமோவுக்கு பாட்டுதான் போடுவாங்க, நீங்க வசனம் நிறைய வர்ற சீனா போடச் சொல்லுங்க.