எதிர்க்கட்சி எம்.பி.யை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் மதிப்பெண் பட்டியல்கள் வலம் வரத் தொடங்கிவிடும். வருகை இத்தனை சதவீதம், விவாதங்கள் இத்தனை, கேள்விகள் இத்தனை என்று சில எண்களைப் போட்டு, உங்கள் தொகுதி எம்.பி. தேறினாரா தவறினாரா என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆளுங்கட்சி உறுப்பினருக்கு அமைச்சரின் அறைக்குப் போய்க் காரியம் சாதிக்கும் வழியாவது உண்டு. எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அவைதான் களம். அங்கே அவர் செய்ததைத் தப்பாக எடைபோட்டால், உழைப்பவரை உதாசீனம் செய்துவிட்டு ஓசை எழுப்புபவரைத் தோளில் தூக்கி வைப்போம். அது வாக்காளராகிய நமக்குத்தான் நட்டம்.

முதல் தவறு, எண்ணிக்கையோடு நின்றுவிடுவது

முன்னறிவிப்பில் இல்லாத அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எழுந்து ஒரு ரயில் நிறுத்தம் கேட்டதும் பட்டியலில் ‘ஒரு விவாதம்’. ஒரு மசோதாவின் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தப் பிரிவு மாநில அதிகாரத்தில் கைவைக்கிறது என்று காட்டிப் பேசியதும் ‘ஒரு விவாதம்’. இரண்டும் தேவையான வேலைகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது.

பேச வாய்ப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மக்களவையில் விவாத நேரம் கட்சிகளின் பலத்திற்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. 543 பேர் கொண்ட அவையில் ஒரு மசோதாவுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால், 22 உறுப்பினர்கள் உள்ள கட்சிக்குக் கணக்குப்படி பத்து நிமிடம்கூட முழுதாக வராது. இரண்டு உறுப்பினர்கள் உள்ள கட்சிக்கு ஒரு நிமிடமும் தேறாது. சபாநாயகர் சற்றுத் தாராளம் காட்டினால்தான் அவர்கள் வாய் திறக்கவே முடியும். அந்தப் பத்து நிமிடத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் கட்சித் தலைமைதான். முதல் முறை வென்று வந்தவர் பட்டியலில் பின்தங்கியிருந்தால், அவர் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவர் பெயரைக் கட்சி கொடுத்ததா என்று கேட்பது நியாயம்.

வருகைப் பதிவேடும் அப்படித்தான். எதிர்க்கட்சித் தலைவர் அதில் கையெழுத்திட வேண்டியதில்லை, அமைச்சர்களும் அப்படியே. பதிவேட்டில் பெயர் இல்லாததை வைத்து ‘அவைக்கே வரவில்லை’ என்று எழுதுவது அப்பட்டமான பிழை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் மாற்றாக வந்த மூன்று மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறியது அந்த நாட்களில்தான். அன்று வெளியே நிறுத்தப்பட்டவரின் வருகைக் குறைவையும், ஊரில் கல்யாண வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவரின் வருகைக் குறைவையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் அநீதி.

கேள்வியைப் படித்துவிட்டுப் பதிலைப் படிக்காமல் விடுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் இருக்கும் கூர்மையான கருவி கேள்வி. ஆனால் அதை யாரும் முழுதாக வாசிப்பதில்லை.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். அவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எவருடைய கேள்வி முதலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆகவே நட்சத்திரக் கேள்வி குறைவாக இருப்பதை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. கேள்வியை எப்படிக் கேட்டார் என்பதுதான் முழுக்க முழுக்க அவர் பொறுப்பு.

ராமேசுவரம் மீனவர்களின் படகுகளை எடுத்துக்கொள்வோம். ‘தமிழக மீனவர்கள் கைது செய்யப்படுவது அரசுக்குத் தெரியுமா, அப்படியானால் எடுத்த நடவடிக்கை என்ன’ என்று ஒருவர் கேட்டால், ‘தூதரக வழியில் தொடர்ந்து வலியுறுத்தப்படுகிறது’ என்ற ஒற்றை வரியோடு அமைச்சகம் தப்பிவிடும். ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் பிடிக்கப்பட்ட படகுகள் ஆண்டுவாரியாக எத்தனை, அவற்றில் மீட்கப்பட்டவை எத்தனை, இலங்கை நீதிமன்றங்களால் அரசுடைமையாக்கப்பட்டவை எத்தனை, உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்க மத்திய அரசிடம் திட்டம் உண்டா, இல்லையெனில் காரணம் என்ன’ என்று இன்னொருவர் கேட்டால், எண்களைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பு பதிவாகும். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் தலா ஒரு கேள்விதான். ஆனால் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மீனவர் சங்கம் மனுவோடு இணைக்கலாம், வழக்கறிஞர் நீதிமன்றத்தில் காட்டலாம், நிருபர் செய்தியாக்கலாம்.

பதிலில் ஒரு வாசகத்தைத் தேடிப் பாருங்கள்: ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசை மீது வைக்கப்படும்.’ சாக்குப்போக்கு என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவை விதிகளின்படி இவை உறுதிமொழிகள். அரசு உறுதிமொழிகளுக்கான குழு இவற்றைக் குறித்துவைத்து, பொதுவாக மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட்டனவா என்று கேட்கும். கைவிட வேண்டுமானால்கூட அமைச்சகம் காரணம் சொல்லி அக்குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும். பெற்ற உறுதிமொழியை விடாமல் துரத்தும் உறுப்பினர், அடுத்த கூட்டத்தொடரில் அதே பொருளில் இன்னொரு கேள்வி போடுவார். ஒருவருடைய கேள்விகளை வரிசையாக வைத்து வாசித்தால் இந்தத் தொடர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நாளுக்கொரு அமைச்சகம், வாரத்துக்கொரு பொருள் என்று சிதறிக் கிடந்தால், உதவியாளர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

‘தோற்றுப்போனதுதானே’ என்று ஒதுக்குவது

பெரும்பான்மை இல்லாதவர் வாக்கெடுப்பில் தோற்பார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றதா என்று பார்ப்பதைவிட, அந்தத் திருத்தம் எதைப் பதிவில் ஏற்றியது என்று பார்ப்பது பயன் தரும். 2023 ஆகஸ்டில் காங்கிரஸ் உறுப்பினர் கௌரவ் கோகோய் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் வெல்லாது என்பது கொண்டுவந்தவர்களுக்கே தெரியும். மணிப்பூர் வன்முறை பற்றிப் பிரதமரை அவையில் பேச வைப்பதே நோக்கம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது, பிரதமர் பேசினார்.

1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தைப் பாருங்கள். 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர அது இடம் தந்ததே ஒழிய, தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தரவில்லை. மாநிலங்களவையில் அண்ணா இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி எதிர்த்தார். அன்று அந்தக் குரல் எடுபடவில்லை. 1965இல் போராட்டம் வெடித்தது. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று எழுதியது. 1963இல் அவருடைய ‘வெற்றி விகிதம்’ என்ன என்று யாராவது கணக்கிட்டிருந்தால் பூஜ்யம் என்றுதான் வந்திருக்கும்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் இந்த வகையில் சேரும். விடுதலைக்குப் பிறகு சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியபோது, பல பத்தாண்டுகளாக எந்த அவையிலும் நடக்காதது நடந்தது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019இல் அது சட்டமானது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு அரசின் சட்டத்தில் இல்லை. எது விடுபட்டது என்று இன்று விரல் வைத்துக் காட்ட முடிவதே அந்த மசோதா பதிவில் இருப்பதால்தான்.

அவசரச் சட்டத்துக்கு மாற்றாக மசோதா வரும்போது, அந்த அவசரச் சட்டத்தை ஏற்க மறுக்கும் தீர்மானத்தை எதிர்க்கட்சி உறுப்பினர் முன்மொழிவதுண்டு. செய்திகளில் அது அநேகமாக வராது. ஆனால் அவசரம் என்ன என்று அரசை விளக்க வைக்கும் ஒரே தருணம் அதுவாக இருக்கலாம்.

துணுக்கு வீடியோவை நம்புவது

முப்பது விநாடிக் காணொளியில் எல்லோரும் சிங்கம்தான். முன்னும் பின்னும் நடந்ததை அறிய அவைக்குறிப்பை எடுத்துப் படிக்க வேண்டும். சில இடங்களில் உடுக்குறியும் (*) கீழே ‘பதிவு செய்யப்படவில்லை’ அல்லது ‘அவைத் தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது’ என்ற அடிக்குறிப்பும் இருக்கும். மைக் கிடைக்காமல் கத்திய சொற்கள் பதிவில் ஏறுவதில்லை. அதை ‘அவையில் முழங்கினார்’ என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதை வெளியிடுவது உரிமை மீறல் ஆகலாம். பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளிதழ் பிகார் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட பேச்சை வெளியிட்ட வழக்கில், 1958இல் உச்ச நீதிமன்றம் சட்டமன்றத்தின் பக்கமே நின்றது. அவையில் பேசியதற்காக வழக்குப் போட முடியாது என்று உறுப்பினருக்கு அரசமைப்பின் 105ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு, அந்தப் பேச்சைப் பகிரும் நமக்குத் தானாக வந்துவிடாது.

குழுக்களை மறந்துவிடுவது

கேமரா இல்லாததால் நாடாளுமன்றக் குழுக்கள் நம் கண்ணில் படுவதில்லை. துறைவாரி நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் 31 பேர். கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. அங்கே அமைச்சகச் செயலாளர்களை எதிரே உட்காரவைத்துக் கணக்கு கேட்க முடிகிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று ஆணையிடும் கட்சிக் கொறடாவின் நிழலும் குறைவு. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்குத் தருவது 1967 முதல் மரபு. குழு அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கும்; யார் வந்தார்கள் என்பது அதில் தெரியும். மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதியிருந்தால் அதையும் கட்டாயம் படியுங்கள். ஓர் உறுப்பினர் உண்மையில் பாடம் படித்துவிட்டு வந்தாரா என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அமளியை ஒட்டுமொத்தமாகப் புகழ்வதும் இகழ்வதும்

2021 நவம்பர் 29 அன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. விவாதம் கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர். அன்று எழுந்த கூச்சலை ‘அவையை முடக்கினார்கள்’ என்று எழுதுவது உண்மைக்கு மாறு. மறுபக்கம், வெளிநடப்பைச் சாக்காக வைத்துத் தயாரிப்பைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிரித்தறிய எளிய வழி உண்டு: கூச்சல் எழுவதற்கு முன் அவர் திருத்தங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாரா? குரல் வாக்கெடுப்போடு விடாமல், வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்குப் பிரிவு கேட்டாரா? வெளியேறும் முன் காரணத்தைப் பதிவு செய்தாரா?

வாக்களித்த விதத்தை வைத்து மட்டும் அவரது மனசாட்சியை அளக்க வேண்டாம். 1985 முதல், கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை கொறடாவின் ஆணையை மீறுபவரின் பதவியையே பறிக்கும். அவருடைய சொந்தச் சிந்தனையைப் பேச்சிலும் கேள்வியிலும் திருத்தத்திலும்தான் தேட வேண்டும்.

தொகுதிக்கு வரும்போது அவரிடம் கேட்க வேண்டியதும் இதையொட்டித்தான். உயர்மின் கோபுர விளக்கும் பேருந்து நிழற்குடையும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வருபவை. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, கடந்த கூட்டத்தொடரில் எந்த அமைச்சகம் உங்களுக்கு உறுதிமொழி தந்தது, மூன்று மாதம் ஆகிவிட்டதே, என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். கையில் அந்தப் பதிலின் அச்சுப் பிரதி இருந்தால் இன்னும் நல்லது. நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்தால் கேள்வியும் பதிலும் கிடைக்கும்.