பெருவீக்கம் முடிந்ததும் துகள்கள் வந்தது எப்படி? ஊஞ்சலில் ஏறி, லேப்டாப்பில் இறங்கலாம்

இன்ஃப்ளேஷன் என்றால் பெங்களூரில் இருக்கிற நமக்கு வீட்டு வாடகைதான் ஞாபகம் வரும். இது வேறு வீக்கம். பிரபஞ்சம் பிறந்த கையோடு, ஒரு நொடியைக் கோடி கோடியாக வெட்டினாலும் எட்டாத சிறு பொழுதில், தாறுமாறாக விரிந்தது என்று 1980-களின் தொடக்கத்தில் ஸ்டாரபின்ஸ்கி, ஆலன் கூத், லிண்டே என்ற இயற்பியலாளர்கள் எல்லாம் எழுதினார்களே, அது. அந்த விரிவு முடிந்தபோது பிரபஞ்சம் கிட்டத்தட்ட காலி. முன்பு என்ன இருந்திருந்தாலும் நீர்த்துப்போய்விட்டது, இருந்த ஆற்றல் முழுக்க இன்ஃப்ளேட்டான் என்ற ஒரே ஒரு புலத்தில் கிடந்தது. (புலம் என்றால் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு இருக்கிற ஒன்று.) அப்படியானால் எலக்ட்ரான், குவார்க், ஒளி எல்லாம் எங்கிருந்து வந்தன? இதைக் கையாலும் கணினியாலும் செய்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்திருந்தால் சரி.

முதலில் ஓர் ஊஞ்சல் தேடுங்கள். நாற்காலி மாதிரி இருக்கிற குழந்தை ஊஞ்சல் வேண்டாம், ஏறி நிற்கிற மாதிரி பலகை வேண்டும். நான் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு அல்சூர் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனேன். யாராவது லேசாக ஆட்டிவிடட்டும், அப்புறம் தள்ளக் கூடாது. நீங்கள் பலகையில் நின்றபடி, ஊஞ்சல் அடிமட்டத்தைக் கடக்கும்போது சட்டென்று எழுங்கள், இரண்டு ஓரத்துக்கும் போனதும் குந்துங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை எழவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள், இந்த இரண்டுதான் பின்னால் வேலைக்கு ஆகும். சரியான தாளத்தில் செய்தால் நாலைந்து ஆட்டத்திலேயே உயரம் கூடுவது தெரியும். (கூடிக்கொண்டிருந்தபோதுதான் காவலாளி வந்து "அது மக்களிகே சார், இளீரி" என்றார். கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். இறங்கிவிட்டோம். ஊஞ்சல் கிடைக்காதவர்கள் ஒரு பூட்டைச் சணல் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கொக்கி வழியாக விட்டு, பூட்டு அடியில் வரும்போது இழுத்து ஓரத்தில் தளர்த்தினாலும் இதே கதைதான்.)

இப்போது முக்கியமான சோதனை. ஊஞ்சலை அசையாமல் நிறுத்திவிட்டு, அதே மாதிரி எழுந்து குந்துங்கள். எத்தனை முறை செய்தாலும் ஆடாது. பின்னாலிருந்து தள்ளினால் நின்ற ஊஞ்சலும் ஆடும், ஆனால் எழுந்து குந்துவது ஏற்கெனவே இருக்கிற ஆட்டத்தைப் பெருக்க மட்டும்தான் செய்யும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். பையன் கேட்டதும் இதைத்தான்: "அப்போ காலியான பிரபஞ்சத்துல எதைப் பெருக்கறது மாமா?" என் கணக்கில் இந்த விஷயத்தின் உயிரே அந்தக் கேள்விதான். குவாண்டம் விதிப்படி எந்தப் புலமும் முழுசாக அசையாமல் நிற்க முடியாது, வெற்றிடத்திலும் ஒவ்வொரு அலைவுக்கும் ஒரு குறைந்தபட்ச நடுக்கம் உண்டு. அந்த நடுக்கம்தான் முதலில் கிடைக்கிற லேசான தள்ளல்.

ஊஞ்சலில் எழுந்து குந்துகிற ஆள்தான் இன்ஃப்ளேட்டான். பெருவீக்கத்தின்போது ஒரு கிண்ணத்தின் (அதன் ஆற்றலை வரைந்தால் வருகிற வளைவின்) சரிவில் மெல்ல நழுவிக்கொண்டிருந்த அது, முடிந்ததும் அடியில் விழுந்து இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அதோடு பிணைந்த இன்னொரு புலம்தான் ஊஞ்சல். இந்த இரண்டாவது புலத்தின் அதிர்வெண், இன்ஃப்ளேட்டானின் மதிப்பை வர்க்கம் எடுத்தால் வருகிற அளவைப் பொறுத்தது. வர்க்கத்துக்கு இடது வலது கிடையாது, அதனால் இன்ஃப்ளேட்டான் ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் அந்த அதிர்வெண் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஊஞ்சலில் எண்ணிய அதே இரண்டு. இப்படி இரண்டாவது புலத்தின் ஆட்டம் கூடுவதைத்தான் துகள் பிறப்பது என்கிறோம். 1982-இல் போட்ட பழைய கணக்குகளில் இன்ஃப்ளேட்டான் துகள் ஒவ்வொன்றாக மெதுவாகச் சிதையும். 1990-இல் டிராஷனும் பிராண்டன்பெர்கரும், தனியாக டோல்கோவும் கிரிலோவாவும், இந்த ஊஞ்சல் வழியைக் காட்டினார்கள். 1994-இல் கோஃப்மன், லிண்டே, ஸ்டாரபின்ஸ்கி மூவரும் அதற்கு முழு உருவம் கொடுத்தார்கள். ப்ரீஹீட்டிங் என்று பெயர். தமிழில் முன்சூடாக்கல் என்று எழுதிப் பார்த்தேன், மைக்ரோவேவ் அடுப்பின் கையேடு மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறங்கள். நமக்கு வேண்டியது மாத்தியூ சமன்பாடு. 1868-இல் மாத்தியூ நீள்வட்ட மத்தளத்தோலின் அதிர்வுக்காக எழுதியது, இங்கே அப்படியே பொருந்துகிறது. வாயால் சொன்னால் இவ்வளவுதான்: எக்ஸின் இரண்டாம் வகைக்கெழு, கூட்டல், அடைப்புக்குறிக்குள் ஏ கழித்தல் இரண்டு க்யூ காஸ் இரண்டு இசட், அதை எக்ஸால் பெருக்கினால் பூஜ்யம். எக்ஸ் என்பது ஊஞ்சலான அந்த இரண்டாவது புலத்தின் ஆட்டம், இசட் என்பது நேரம், க்யூ என்பது இன்ஃப்ளேட்டான் எவ்வளவு பலமாக உலுக்குகிறது என்பது, ஏ-வில் அலையின் உந்தம் ஒளிந்திருக்கிறது. பைத்தானின் சைப்பை என்ற கணித நூலகத்தில் இருக்கிற சால்வ்-ஐவிபியிடம் கொடுத்தால் முப்பது வரியில் முடியும். பிழை வரம்பை மட்டும் இறுக்கமாக வையுங்கள், அது தானாக எடுத்துக்கொள்கிற அளவு இதற்குப் போதாது.

முதல் ஓட்டம்: ஏ 1, க்யூ 0.1, தொடக்கத்தில் எக்ஸ் 1, வேகம் 0, இசட் 0 முதல் 100 வரை. வீச்சு சுமார் 100 மடங்கு ஏறும். துகள் எண்ணிக்கை வீச்சின் வர்க்கத்தோடு போவதால் அது பத்தாயிரம் மடங்குக் கணக்கு. அடுத்து ஏ-வை 1.2 ஆக்குங்கள். வளர்ச்சியே இருக்காது, ஏனென்றால் இந்த க்யூவுக்கு வளரும் பட்டை சுமாராக 0.9-க்கும் 1.1-க்கும் நடுவில்தான், தாளம் தப்பினால் ஊஞ்சல் ஏறாது என்பதைத்தான் இதுவும் சொல்கிறது. மூன்றாவதாக எக்ஸையும் வேகத்தையும் பூஜ்யமாக்கி ஓடவிடுங்கள். தட்டைக்கோடு. நின்ற ஊஞ்சல்.

இது குறுகிய ஒத்திசைவு, அதாவது ஒல்லியான பட்டைக்குள் மட்டும் நடக்கிற பெருக்கம். நிஜமான கூத்து க்யூ பெரிதாக இருக்கும்போதுதான். க்யூவை 100-க்கும் 200-க்கும் நடுவில் வைத்து, ஏ-வை க்யூவின் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வையுங்கள். இங்கே நான் ஒரு முழு மாலையைத் தொலைத்த இடம் ஒன்று இருக்கிறது: இசட் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள், 1.57-இல் தொடங்குங்கள். பூஜ்யத்தில் இன்ஃப்ளேட்டான் அடிமட்டத்தைக் கடக்கிறது, மற்ற புலத்தின் அதிர்வெண் அப்போது கிட்டத்தட்ட இல்லை, துகள் எண்ணிக்கைச் சூத்திரம் அதிர்வெண்ணால் வகுப்பது, அதனால் குப்பை எண்கள் கொட்டும். அந்தக் கணத்தில் எத்தனை துகள் என்று கேட்பதற்கே அர்த்தம் கிடையாது. சரியாகத் தொடங்கினால் துகள் எண்ணிக்கையின் மடக்கை வரைபடத்தில் படிக்கட்டு தெரியும்: ரொம்ப நேரம் சமதளம், அடிமட்டத்தைக் கடக்கும்போது மட்டும் ஒரு தாவல். சில க்யூ மதிப்புகளுக்குப் படிக்கட்டு ஏறாது, அலையின் கட்டம் (ஃபேஸ்) ஒத்துப்போகாததுதான் காரணம், நிரலில் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே துகள் நிறைய இருந்தால் புதிதாகவும் நிறைய பிறக்கும் என்பதால்தான் இந்த வேகம். இது போசான்களுக்கு, அதாவது ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய துகள்களுக்கு, மட்டும். எலக்ட்ரான் மாதிரி ஃபெர்மியான்களை பாலி விதி ஒரு நிலைக்கு ஒன்று என்று தடுத்துவிடும்.

இதோடு பிரபஞ்சத்தின் விரிவையும் சேர்க்க வேண்டும். விரிய விரிய இன்ஃப்ளேட்டானின் வீச்சு குறையும், க்யூ விழும், அலைகளும் நீளும். ஒவ்வொரு அலையும் பட்டை விட்டுப் பட்டை தாவும், எண்ணிக்கை சில சமயம் இறங்கக்கூடச் செய்யும், க்யூ ஒன்றுக்குக் கீழே போனதும் ஆட்டம் நிற்கும். கிண்ண வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: நாம் எடுத்த எளிய வர்க்கக் கிண்ணத்தைப் பெருவீக்கத்துக்கான மாதிரியாகப் பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு ஓரங்கட்டிவிட்டது, ஆனால் பெரும்பாலான கிண்ணங்களின் அடிமட்டம் இப்படித்தான் இருக்கும், அதனால் பயிற்சிக்கு இது போதும்.

பிறந்த துகள்கள் ஒன்றோடொன்று மோதி, ஒரே வெப்பநிலைக்கு வருவது தனிக் கதை, நீளமும் அதிகம். அது முடிந்தபோது வெப்பநிலை குறைந்தது சில ஆயிரம் கோடி டிகிரி இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹீலியம் இன்று இருக்கிற அளவில் உருவாகியிருக்காது.

அதற்கு முன்பே துகள்கள் பெருகி இன்ஃப்ளேட்டானையே திருப்பி உலுக்கத் தொடங்கிவிடும், நம் முப்பது வரி அங்கே செல்லாது. வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் போடவேண்டும். ஃபெல்டரும் ட்காச்சேவும் எழுதிய லாட்டிஸ்-ஈஸி, அதற்குப் பின் வந்த காஸ்மோலாட்டிஸ் என்ற இரண்டு நிரல்களும் இலவசம். கனசதுரத்தின் ஒரு பக்கத்துக்கு 64 புள்ளி வைத்துத் தொடங்குங்கள், மொத்தம் 2,62,144 புள்ளிதான், சாதாரண லேப்டாப் தாங்கும். ஆசைப்பட்டு 256 என்று கொடுத்தால் 1.67 கோடியைத் தாண்டும். அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஓடவிட்டு, மின்வெட்டு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு படுத்துவிடுங்கள்.