வைரமா, வெறும் கல்லா? வீட்டிலேயே பார்க்கும் முறை

வெள்ளியைக் கையில் வாங்கியதுமே தரம் சொல்லிவிடுகிறவர்கள் சேலத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர் அல்லவா! வைரம் என்று வந்தால்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். பாட்டி கொடுத்த ஏழுகல் தோடு, கல்யாணத்துக்கு எடுத்த மூக்குத்தி, யாரோ கடனுக்கு ஈடாகத் தந்த மோதிரம் என்று பீரோவில் நகைகள் இருக்கும். கல் அசலா என்று கேட்டால், "நல்ல கடையில் வாங்கியது" என்பதற்கு மேல் பதில் வராது.

வீட்டுச் சோதனைகளால் போலியைப் பிடிக்கலாம். எல்லாவற்றிலும் தேறிய கல்லை அசல் வைரம் என்று சத்தியம் செய்ய முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் படி: நகையின் வயதைக் கேளுங்கள்

காசே செலவில்லாத சோதனை இது. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. இன்று வைரத்துக்குப் பதிலாக அதிகம் வைக்கப்படும் கல் கியூபிக் ஜிர்கோனியா. கடைகளில் இதற்கு 'அமெரிக்கன் டைமண்ட்' என்று பெயர். இது சந்தைக்கு வந்தது 1976 வாக்கில்தான். வைரத்துக்கு இன்னும் நெருக்கமான மாய்சனைட் 1990களின் கடைசியில் வந்தது. ஆகவே 1960இல் கல்யாணம் ஆனவரின் தோட்டில் இந்த இரண்டும் இருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்து நகையில் சந்தேகப்பட வேண்டியவை கண்ணாடி, வெள்ளைப் புஷ்பராகம், இயற்கை ஜிர்கான் (பெயர் ஒத்திருந்தாலும் இது ஜிர்கோனியா அல்ல) போன்றவை.

ஆனால் நகைக்கு வயதானாலும் கல்லுக்கும் அதே வயது என்று சொல்ல முடியாது. நடுவில் எப்போதாவது கல் விழுந்து வேறு கல் பதிக்கப்பட்டதா, அழித்துச் செய்தார்களா, மெருகு போடக் கொடுத்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: அழுக்கை எடுங்கள்

எண்ணெய் வைரத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் ஊரில் தோட்டுக்கல் மங்கிப்போவதற்கு வேறு காரணமே வேண்டாம். அழுக்கோடு சோதித்தால் அசலும் போலிபோலத்தான் தெரியும்.

பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நுரை எடுத்து, மென்மையான டூத்பிரஷ்ஷால் கல்லின் மேலும் பின்னும் தேயுங்கள். கிண்ணத்தில் வைத்துச் செய்யுங்கள், குழாயடியில் வேண்டாம். தளர்ந்த கல் ஒன்று சாக்கடையோடு போய்விட்டால் சோதிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

பின்பக்கம் தங்கத்தால் மூடிக் கட்டிய பழைய நகையை நீரில் ஊறவைக்கக் கூடாது. உள்ளே அரக்கும் பளபளப்புத் தகடும் இருக்கலாம். ஈரம் புகுந்தால் கல் கறுத்துவிடும். அப்படிப்பட்டதை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூன்றாம் படி: மூச்சு ஊதிப் பாருங்கள்

வைரம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும். அதனால் அதன் மேல் படிந்த ஆவி ஓரிரு நொடிகளில் மறைந்துவிடும். கண்ணாடியிலும் ஜிர்கோனியாவிலும் இன்னும் சற்று நேரம் நிற்கும். கேட்க எளிதாக இருக்கிறது; சேலத்து வெயிலில்தான் இது காலை வாரிவிடும்.

சித்திரை மாதப் பிற்பகலில் அறையே 37, 38 டிகிரியில் கொதிக்கும்போது கல்லும் உங்கள் மூச்சின் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கும். அதன் மேல் ஆவி எங்கே படியும்? கண்ணாடித் துண்டுகூடத் தெளிவாக நின்று வைரம்போல நடிக்கும். நகையைக் காதிலிருந்து கழற்றி அரைமணி நேரம் தட்டில் வைத்துவிட்டு, விடியற்காலையில் செய்யுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காலைக் குளிருக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், வெளியே எடுத்ததும் கல் தானாகவே வியர்த்துவிடும்.

ஒற்றைக் கல்லில் 'ஓரிரு நொடி' என்பதைக் கணிப்பது கடினம். பல கற்கள் உள்ள நகைதான் நல்ல பாடம். அம்மாப்பேட்டையில் தெரிந்த பாட்டி ஒருவரின் ஏழுகல் தோட்டில் ஊதிப் பார்த்தேன். நடுக்கல்லும் சுற்றியிருந்த ஐந்தும் ஒரே நேரத்தில் தெளிந்தன. திருகாணியை ஒட்டி இடப்பக்கம் இருந்த ஒன்று மட்டும் பால்வெள்ளையாக நின்றது. மீண்டும் ஊதினாலும் அதே கல்தான். "பாட்டி, இந்தக் கல்லை எப்போதாவது மாற்றினீர்களா?" என்றேன். "மூத்தவள் பிரசவத்தின்போது விழுந்துவிட்டது கண்ணு. பத்தர்தான் ஒன்று வைத்துக் கொடுத்தார்" என்றார். பத்தர் எந்தக் கல்லை வைத்தார் என்பது அவருக்கும் கல்லுக்கும்தான் தெரியும்.

நான்காம் படி: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்றால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வாங்குங்கள். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, நகையை அதன் அருகே கொண்டு வர வேண்டும். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுங்காது.

பட்டைகள் சந்திக்கும் கோடுகளைப் பாருங்கள். பல வருடம் அணிந்த பிறகும் வைரத்தில் அவை கத்தி முனைபோலக் கூர்மையாக இருக்கும். கண்ணாடியிலும் ஜிர்கோனியாவிலும் மழுங்கி, அங்கங்கே சிராய்ப்பு விழுந்திருக்கும். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடிதான், மேற்கொண்டு பார்க்க வேண்டாம். கரும்புள்ளியோ இறகுபோன்ற கீறலோ தெரிந்தால் பதறாதீர்கள். தோஷம் என்று நம் வீடுகளில் பயப்படும் அந்தப் புள்ளி, பெரும்பாலும் கல்லுக்குச் சாதகமான சாட்சி. சந்தேகப்பட வேண்டியது, மாசுமறுவே இல்லாமல் பெரிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் கல்லைத்தான்.

மாய்சனைட்டைப் பிடிக்க, கல்லைச் சற்றுச் சாய்த்து, மேல்பட்டைகளின் வழியே அடிப்பக்கக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரிந்தால் அது வைரம் இல்லை. நேர் மேலிருந்து பார்த்தால் இது தெரியாமல் போகலாம். பழைய தோடுகளில் பட்டைகள் ஒரே சீராக இருக்காது. கையால் தீட்டிய காலத்துக் கற்கள் அவை; அதை வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

மூன்று, ஐந்து சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மூக்குத்திக் கல்லில் இவ்வளவும் தெரியாது. ஐந்து சென்ட் வைரத்தின் குறுக்களவு சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

கல் தனியாக இருந்தால் எடை

வெள்ளித் தொழில் செய்யும் உறவினர் இருந்தால் அவர்களின் நுண்தராசு உதவும். 6.5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வைரம் ஏறக்குறைய ஒரு காரட், அதாவது 0.20 கிராம். அதே அளவு ஜிர்கோனியா சுமார் 0.33 கிராம் வரும். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. மாய்சனைட் மட்டும் வைரத்தைவிடக் கொஞ்சம் இலேசு. தராசில் அது சிக்காது.

செய்யக் கூடாதவை

நீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்ப்பது வீண், கண்ணாடியும் மூழ்கும். செய்தித்தாள் எழுத்தின் மேல் வைத்து, கல்லின் வழியே எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது (வைரத்தில் தெரியாது) தனிக்கல்லுக்கு ஓரளவு உதவும் என்றாலும் மாய்சனைட் அதில் தப்பிவிடும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதிலும் பயனில்லை, சாதாரணப் படிகக்கல்லே கண்ணாடியைக் கீறும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். வைரம் கீறலுக்குத்தான் அசையாது, அடித்தால் பிளக்கும். நெருப்பில் காட்டவும் வேண்டாம், அதுவும் கரிதானே.

இதற்கு மேல் வீட்டில் முடியாது

இணையத்தில் விற்கும் பேனாபோன்ற வெப்பச் சோதனைக் கருவி, ஜிர்கோனியாவையும் கண்ணாடியையும் பிடித்துவிடும். மாய்சனைட்டை வைரம் என்று சொல்லிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமோ இங்கே சொன்ன எல்லாவற்றிலும் தேறும், ஏனென்றால் அது வைரமேதான். 2023 ஜூனில் பிரதமர் மோடி, அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவிக்குப் பரிசளித்த 7.5 காரட் கல் அந்த வகைதான். விலையோ இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு. பிரித்தறிய ஆய்வகக் கருவிகள் வேண்டும்.

நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரையைக் காட்டி "கல்லும் சேர்த்துத்தான் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த முத்திரையோடு வரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு; அதன் எண்ணை, சான்று தந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

சோதனைக்குக் கொடுக்கும் முன் லென்ஸ் வழியே செல்போனில் படம் எடுத்து, உள்ளே உள்ள புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நகையின் எடையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "வைரமா?" என்று மட்டும் கேட்காமல், "இயற்கையா, வளர்த்ததா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.