'எடுபடும்' என்பதற்காகப் பிடித்ததை விட்டுவிடாதீர்கள்

பள்ளி நாடகக் குழுக்களுக்கு லைட்டிங் சொல்லித்தரப் போவது என் வழக்கம். போன முறை, மூன்று வருடமாக லைட் போர்டில் உட்கார்ந்திருந்த பெண் வந்து, "இந்த வருஷம் நான் வரலை அண்ணா, விவாத மன்றத்துல செயலாளர் ஆயிட்டேன்" என்றாள். விவாதம் பிடிக்குமா என்று கேட்டேன். "பிடிக்கும்னு இல்ல, காலேஜ் அப்ளிகேஷன்ல அதுதான் எடுபடுமாம்." அவள் வயதில் நானும் இதையேதான் சொன்னேன்.

பாடத்துக்கு வெளியே மன்றம், குழு என்று சேரும்போது பிள்ளைகள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நேரத்துக்குப் போகாதது, தேர்வு வாரத்தில் போட்டிக்குப் பெயர் கொடுப்பது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பருவத்தில் தானாகவே புரிந்துவிடும்.

பிடித்ததை விட்டுப் பதவியைப் பிடிப்பது

எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு மேடைக்குப் பின்னால்தான் வேலை. காட்சி இருளில் முடிய வேண்டுமென்றால் ஃபேடரை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பியை, சட்டென்று இறக்கக் கூடாது, நடிகரின் கடைசிச் சொல் முடிந்து அவர் மூச்சு விடும்வரை விரலை அதன்மேலேயே வைத்திருந்து, அப்புறம் ஐந்து எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்க வேண்டும். இதைப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

பதினோராம் வகுப்பில் அதை விட்டேன். திரைக்குப் பின்னால் நின்றதை யார் மதிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னதை நம்பி, ஆளே வராத ஒரு மன்றத்துக்குத் தலைவரானேன். வருடம் முழுக்க நான்கே கூட்டம். கல்லூரி நேர்காணலில், "நீங்கள் வந்த பிறகு அந்த மன்றத்தில் என்ன மாறியது?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. விளக்குகளைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன், ஆனால் அதைப் பட்டியலின் கடைசி வரிக்குத் தள்ளியது நானேதான்.

இந்த அறிவுரையை இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களே என்பதுதான் என் கோபம். பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 10 செயல்பாடுகளுக்கு இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியும் சேர்த்து 150 எழுத்து. பதவிக்கு ஒரு கட்டம் உண்டு, சரி. ஆனால் எந்தெந்த வகுப்புகளில் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். கடைசி வருடத்தில் வாங்கிய பதவி அந்தக் கட்டங்களில் மெலிந்துபோய்த்தான் தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் சொந்தப் படிவத்தில் கேட்பதோ நான்கே நான்கு செயல்பாடுகள்.

சேரும் முன்பே அந்த 150 எழுத்தை எழுதிப் பாருங்கள். "பொறுப்பேற்றேன், ஒருங்கிணைத்தேன்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லையென்றால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். "மூன்று நாடகங்களுக்கு விளக்கு அமைத்தேன், புதிதாக வந்த ஐந்து பேரைப் பழக்கினேன்" என்று வந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே சலித்துப்போனதை விடலாம், அது வேறு. பிடித்திருக்கும்போதே அடுத்தவர் கண்ணுக்காக விடுவதைத்தான் சொல்கிறேன்.

நண்பன் சேர்ந்தான் என்று சேர்வது

இரண்டாவது மாதம் அவன் நின்றுவிடுவான்.

எடுத்த எடுப்பிலேயே புது மன்றம் தொடங்குவது

முதலில் இருப்பதில் ஒரு வருடம் வேலை செய்யுங்கள்.

வீட்டில் செய்வதைக் கணக்கில் சேர்க்காதது

தினமும் பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்கு மருந்து கொடுத்து, சாப்பிட வைத்து, அம்மா வரும்வரை கூடவே இருக்கும் பையன் ஒருவன், தனக்கு எந்தச் செயல்பாடும் இல்லை என்று என்னிடம் தலைகுனிந்து சொன்னான். வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாத வேலை அது. காமன் ஆப்பிலேயே குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை இரண்டுக்கும் தனித்தனி வகை இருக்கிறது. அவனைப் பட்டியலின் முதல் வரியிலேயே அதை எழுதச் சொன்னேன்.

விழா நாளைப் பார்த்து முடிவெடுப்பது

ஆண்டு விழாவில் எல்லா மன்றமும் அழகாகத்தான் தெரியும். சாதாரண வாரநாளில், போட்டியோ நிகழ்ச்சியோ இல்லாத பயிற்சிக்கு இரண்டு முறையாவது போய்க் கடைசிவரை உட்காருங்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு வயர் சுற்றி வைக்கும் வேலையும் உங்களுக்குப் பாரமாகத் தெரியவில்லையென்றால் பெயரைக் கொடுங்கள்.