பாவைக்குப் பின்னால் புரொஜக்டர்

தோல்பாவைக்கூத்தில் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தரும். அந்த இடத்தில் புரொஜக்டரை வைத்தால் விளக்கே படமும் காட்டும். அதனால் படத்தில் வெளிச்சம் இருக்கிற இடத்தில்தான் பாவை தெரியும். இரவுக் காட்சி என்று திரை முழுக்க இருட்டடித்துவிட்டால் பத்துத்தலை ராவணன் வந்து நின்றாலும் தெரியாது. மெரினா விடியலைப் படம்பிடித்தால் கடலும் மணலும் கீழே மூன்றில் ஒரு பங்கு போதும். மேலே வெளிறிய வானம் பாவைக்கு. கேமரா ஸ்டாண்டை விட்டு அசையக்கூடாது. பின்னணி நகர்ந்தால், நிற்கிற பாவை வழுக்கிப் போவதுபோல் இருக்கும்.

திரைக்குத் தையல் இல்லாத வெள்ளைப் பருத்தித் துணி, 2 மீட்டர் அகலம். பாரிமுனை கோடவுன் தெருவில் தேடலாம். வாங்கும்போதே துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து மூன்று மீட்டர் தள்ளிப் பாருங்கள். ஒளிப்புள்ளி கண்ணைக் குத்தினால் துணி மெல்லிசு. புரொஜக்டர் லென்ஸும் அப்படித்தான் குத்தும். அடியில் ஒரு பைப்பைக் கோத்து இழுத்துக் கட்டி, மேடை ஃபேனை நிறுத்திவிடுங்கள். துணி உப்பினால் பாவை அதில் ஒட்டாது.

த்ரோ ரேஷியோ (லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள புரொஜக்டர் என்றால், 2 மீட்டர் படத்துக்குத் திரைக்குப் பின்னால் 3 மீட்டர் வேண்டும். புரொஜக்டர் மெனுவில் 'ரியர்' (பின்னாலிருந்து காட்டும் முறை) வையுங்கள், இல்லாவிட்டால் எழுத்து தலைகீழாக அல்ல, இடவலம் மாறி விழும். சபா மேடைகளில் பின்பக்கம் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. ஒரு கண்ணாடியில் ஒளியை மடக்கலாம். கண்ணாடியே படத்தைத் திருப்பிவிடும் என்பதால் அப்போது 'ரியர்' வேண்டாம். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் பிம்பம் லேசாக இரட்டையாக விழும். பிரதிபலிக்கும் பூச்சு பின்னால் இல்லாமல் முன்பக்கம் உள்ள கண்ணாடிதான் சரி.

ஆட்டுகிறவர் தலை படத்தில் விழாமல் இருக்க புரொஜக்டரை உயரத்தில் வைத்துச் சாய்ப்பார்கள். 20 டிகிரி சாய்வில் பாவை திரையை விட்டு 10 செ.மீ. விலகினாலே நிழல் மூன்றரை செ.மீ. கீழே இறங்கிவிடும், கால் தரையில் புதையும்.

நிழலைப் பெரிதாக்குவது புரொஜக்டரில் சுலபம். லென்ஸிலிருந்து ஒன்றரை மீட்டரில், அதாவது பாதி வழியில் பிடித்தால் இரண்டு மடங்கு. ஆனால் வண்ணத் தோல்பாவையை அங்கே கொண்டுபோகாதீர்கள். தோல் ஒளியைச் சிதறடிக்கும். திரையோடு ஒட்டியிருந்தால்தான் நிறம் தங்கும், தள்ளிப்போனால் வெறும் கருநிழல். பெரிதாக்க வேண்டிய உருவங்களைக் கறுப்பு அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள்.

படம் இல்லாத கட்டத்துக்குத் தனி பல்பு வேண்டாம். பல்பு படத்தை வெளுக்கும், சாதாரண எல்.இ.டி. பல்பை டிம்மரில் போட்டால் துடிக்கும். மஞ்சள் கலந்த வெற்றுத் திரையை ஒரு கிளிப்பாக ஓடவிட்டாலே விளக்கு வெளிச்சம் வந்துவிடும்.

புரொஜக்டரின் 'கறுப்பு' உண்மையில் சாம்பல். முழு இருட்டு தேவைப்படும்போது லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் அட்டையைப் பிடியுங்கள். அணைக்காதீர்கள், லாம்ப் வகை புரொஜக்டர் சூடு ஆறித் திரும்ப எரிவதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

பாடகர் ஒரு வரியை நாலு தடவை பாடுவார், வீடியோ காத்திருக்காது. பின்னணிகளைத் திரும்பத் திரும்ப ஓடும் 30 வினாடி லூப்புகளாக வெட்டி, லேப்டாப்பில் ஒருவர் மிருதங்கத் தீர்மானத்தை (முடிப்பு அடியை) கேட்டு அடுத்ததைத் தட்டட்டும்.

சென்னை ஈரக்காற்றில் தோல் சுருளும். முந்தின இரவே இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள். லேப்டாப்பும் புரொஜக்டரும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும், கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜ் ஏற்றிய ஒரு டார்ச்சும்.