பைக்கில் வேறு இன்ஜின் எண்ணெய் கலந்து ஊற்றலாமா?

சனிக்கிழமை காலை மலாக்கா கிளம்பும்போது எண்ணெய் குறைந்திருப்பது தெரிகிறது. கைவசம் இருப்பதோ வேறு நிறுவனத்தின் போத்தல். ஊற்றலாமா? தாராளமாக ஊற்றலாம். மினரல், செமி சிந்தெடிக், ஃபுல்லி சிந்தெடிக் என்ற எண்ணெய் வகைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலக்கும். திரிந்து கட்டியாகிவிடும் என்பது வெறும் பயம். விலையுயர்ந்த எண்ணெயின் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எண்ணெய் குறைவாக ஓட்டுவதுதான் இன்ஜினுக்குக் கேடு, அதுவும் சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வெயிலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது.

பெயரைவிட போத்தலின் பின்பக்கம் முக்கியம். ஜாசோ (ஜப்பானிய எண்ணெய்த் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தகடுகளும் அதே எண்ணெயில்தான் ஊறுகின்றன. கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது பட்டால் கிளட்ச் வழுக்கும்: த்ராட்டிலைத் திருகினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. எம்பி என்று போட்டது ஸ்கூட்டருக்கானது, கியர் பைக்குக்கு வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி போத்தலைத் தொடவே தொடாதீர்கள்.

10டபிள்யூ-40 என்ற தடிமன் அளவு கேட்கும் வண்டியில் அதே எண் கிடைத்தால் நல்லது. அப்புறம், ஒரேயடியாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் விட்டு, இன்ஜின் பக்கவாட்டில் எண்ணெய் தெரியும் சிறு கண்ணாடியில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. திரும்பி வந்ததும் எண்ணெயை முழுதாக மாற்றிவிட்டால் சரி.